மால்கமின் ஓட்டு

கால்வாய் ஓரமாக நடப்பது முழங்காலுக்கு நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார், மேடம். அதனால் ஞாயிறுதோறும் காலை பதினோரு மணிக்கு நானும் மால்கம் பெய்லிஸும் நடக்கப் போவோம். நாற்பத்தொரு வருடச் சிநேகம். ஆஸ்டனில் ஒரே பட்டறையில் தகடு வெட்டினோம். அவன் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் நான்தான். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்களுக்குள் பகை இருந்தது என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. பகை இல்லை. அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

விஷயம் அன்வில் பப்பில் மாட்டியிருக்கும் பலகை. ராக் இசையில் எல்லாக் காலத்துக்கும் பெரிய கலைஞர்கள் பத்துப் பேர் யார் என்று அதில் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருக்கும். வருடத்துக்கு ஒரு முறை, ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு, நாங்கள் ஒன்பது பேர் ஓட்டுப் போட்டு அதைத் திருத்துவோம். ஒன்பதில் மூன்று பேர் முன்பே செத்துப்போனவர்கள்.

சிரிக்காதீர்கள். முதலில் போனவன் கென், மாரடைப்பு. அந்த வருடம் ஓட்டுப் போடுகிறவர்கள் பட்டியலில் அவன் பெயரை அடிக்க யாருக்கும் கை வரவில்லை. பப் நடத்தும் க்ளெனிஸ்தான் தீர்ப்புச் சொன்னாள். "செத்துட்டா ரசனையும் செத்துடுமா என்ன? அவன் கடைசியா போட்ட ஓட்டு அப்படியே இருக்கட்டும்டா, கெழவனுங்களா." எல்லோரும் அழுதோம். அன்றிலிருந்து அது விதி. வராதவனுக்கு ஓட்டு இல்லை, செத்தவனுக்கு உண்டு. சமமாக வந்தால் க்ளெனிஸ் நாணயம் சுண்டுவாள். விதிப் புத்தகம் முழுக்க என் கையெழுத்துத்தான்.

பதினோரு வருடமாக முதலிடம் டோனி அயோமிக்கு. எங்கள் ஊர்க்காரர். பதினேழு வயதில் தகடுப் பட்டறை இயந்திரத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். பாத்திரம் கழுவும் சோப்புப் பாட்டிலை உருக்கி, விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு கிடார் வாசித்தார். நானும் அப்படிப்பட்ட இயந்திரத்தில் வேலை பார்த்தவன். எனக்குப் பத்து விரலும் முழுசாக இருக்கின்றன. கிடார் வரவில்லை என்பது வேறு விஷயம். அவருக்கு ஐந்து ஓட்டு, அமெரிக்கக் கிடார்க்காரர் ஹென்ட்ரிக்ஸுக்கு நான்கு. ஹென்ட்ரிக்ஸை நான் குறை சொல்ல மாட்டேன். நான் நியாயமான ஆள். வருடாவருடம் அவரை இரண்டாவதாகப் போட்டிருக்கிறேன்.

ஓட்டெடுப்புக்கு ஒரு வாரம் முன்னால் மால்கம் குவளையைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தான்.

"டேய் ட்ரெவர், இந்தத் தடவ என் ஓட்டு ஹென்ட்ரிக்ஸுக்குடா."

"வெளயாடாத."

"நெசமாத்தான். பேத்தி ஹெட்போன் குடுத்தா, ஒழுங்கா உக்காந்து கேட்டேன். அந்த மனுஷன் கிடாரப் பேச வைக்கிறான்டா. நம்மாளு கிடாரு இருமுது."

ஹென்ட்ரிக்ஸ் கட்சிக்குத் தலைவன் வின்ஸ்டன். அவன் மேசையைத் தட்டினான். "அப்படிப் போடு! இப்பவாச்சும் காது தொறந்துச்சே!"

மால்கம் விடவில்லை. "பாவம்டா ட்ரெவர். அவருக்கு வெரல் போயும் சங்கீதம் வந்துச்சு. இவனுக்குப் பத்து இருந்தும் ஒரு எழவும் வரல. அதான் அவர் மேல இவ்ளோ பக்தி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம்தான், அதை உங்களிடம் மறைக்கவில்லை. ஆனால் வீட்டுக்குப் போய் நிதானமாகத்தான் யோசித்தேன். மால்கம் வந்து ஓட்டுப் போட்டால் அயோமிக்கு நான்கு, ஹென்ட்ரிக்ஸுக்கு ஐந்து. எப்படியாவது அவனை வரவிடாமல் செய்தால் நான்குக்கு நான்கு, நாணயம் சுண்ட வேண்டியிருக்கும். இவ்வளவு பெரிய விஷயத்தை நாணயத்திடம் விட முடியாது. போன வருடம் போட்ட அவன் ஓட்டு நல்ல ஓட்டு. அதைப் பத்திரப்படுத்த விதிப் புத்தகத்தில் ஒரே ஒரு வழிதான் இருந்தது.

ஞாயிறு காலை தூறிக்கொண்டிருந்தது. கால்வாய் மதகுக்கு மேல் குறுக்கே ஒரு நடைபலகை உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதன் நடுவில் நின்று அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். அவசரப்படுகிற ஆள் இல்லை நான்.

"முடிவு மாறாதா, மால்கம்?"

"மாறாதுடா. சாகுற வரைக்கும் மாறாது" என்று சொல்லிக் கண்ணடித்தான். தூறல் கண்ணில் விழுந்திருக்கும் என்று நினைத்தேன்.

ஒரு கையால்தான் தள்ளினேன். மதகுக்குள் சுவர் செங்குத்து, பாசி வேறு. அவனுக்கு நீச்சல் தெரியாது. இரண்டு முறை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். நான் அங்கேயே நின்றேன். சிநேகிதனைத் தனியாக விட்டுப் போகிற பழக்கம் எனக்கு இல்லை. தண்ணீர் அடங்கியபோது பதினொன்றே முக்கால்.

பிறகு அவன் மனைவி ஜோனைப் பார்த்து, மால்கம் பாதியிலேயே பிரிந்து நேராக பப்புக்குப் போய்விட்டான் என்று சொன்னேன். அவள் எனக்குச் சூப் கொடுத்தாள். ஜோன் கைச் சூப் எப்போதும் நன்றாக இருக்கும்.

தவறு செய்தது பப்பில்தான், ஒத்துக்கொள்கிறேன். மூன்று மணி ஆயிற்று. மால்கம் வரவில்லை என்று எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். மற்ற ஓட்டுகளை எண்ணியதில் நான்குக்கு நான்கு. க்ளெனிஸ் நாணயத்தை எடுத்துவிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"சுண்டாத, க்ளெனிஸ். மால்கமோட போன வருஷ ஓட்ட எடுத்து எழுது. விதி இருக்குல்ல?"

வின்ஸ்டன்தான் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அந்த விதி செத்தவனுக்குத்தானடா, ட்ரெவர்?"

மால்கமை நீங்கள் தண்ணீரிலிருந்து எடுத்தது ஐந்து மணிக்கு என்று சொல்கிறீர்கள். சரியாகத்தான் இருக்கும்.

இப்போது இந்தக் காகிதத்தை என் முன்னால் வைத்திருக்கிறீர்கள். அவன் சட்டைப் பையில் இருந்த ஓட்டுச் சீட்டு. ஊறிப் போனாலும் படிக்க முடிகிறது. முதலிடம்: டோனி அயோமி. அடியில் அவன் கிறுக்கல்: "க்ளெனிஸ், இத சத்தமா படி. எல்லாரும் ட்ரெவர் மூஞ்சியப் பாருங்கடா. ஒரு வாரமா சோறு எறங்கியிருக்காது அவனுக்கு. நம்ம ஊர்க்காரர விட்டுட்டு நான் எங்கடா போவேன், மடப்பயலே? வா, ஒரு பைன்ட் பீர் வாங்கித் தா."

நீங்களும் என் முகத்தைத்தான் பார்க்கிறீர்கள். நான் உடைந்து போவேன் என்று காத்திருக்கிறீர்கள் போல. மால்கமைத் தள்ளியது நான், சாகும்வரை பார்த்துக்கொண்டு நின்றதும் நான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் பதற்றப்படாமல் யோசித்துப் பாருங்கள், மேடம். உயிரோடு வந்திருந்தாலும் அவன் ஓட்டு அயோமிக்குத்தான், செத்த பிறகும் அயோமிக்குத்தான். என்னால் மால்கமுக்கு எந்த நட்டமும் இல்லை.