மோடம் என்பது மோடன் அல்ல

இந்த ஆயுத பூசை விழாவின் தலைவரும், ஏலம், கராம்பு, கறுவா ஆகியவற்றின் வாசத்தைக் கொட்டாஞ்சேனையிலிருந்து ஐரோப்பா வரை அனுப்பிவரும் எங்கள் முதலாளியுமான திரு. தண்டாயுதபாணி அவர்களே! அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து அவருக்கே தலைமை தாங்கிக்கொண்டிருக்கும் அம்மையார் நாச்சம்மை அவர்களே! பிள்ளைகளை மடியில் இறுக்கிப் பிடித்தபடி என்னைப் பொறுத்துக்கொள்ளப்போகும் தாய்மார்களே! அவலும் கடலையும் எந்தப் பக்கத்தால் வரும் என்று கவனித்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே! வெள்ளவத்தையிலிருந்தும் தெஹிவளையிலிருந்தும் புறப்பட்டு, மூன்று சோதனைச் சாவடிகளில் மூன்று முறை பையைத் திறந்து காட்டி, நான்காவதாக என் பேச்சையும் தாங்க வந்திருக்கும் சக ஊழியர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு ‘புதுமையை வரவேற்போம்’. தலைப்பைத் தந்தவரின் நகைச்சுவை உணர்வை மெச்சுகிறேன். இருபத்தொன்பது ஆண்டுகளாக இந்த நிறுவனத்தின் கடிதங்களை எழுதிவரும் சிவபாதசுந்தரமாகிய நான், இங்கு நுழைய வந்த ஒவ்வொரு புதுமையையும் வாசலிலேயே மறித்தவன். தொலைநகல் இயந்திரம் வந்தபோது, “கையெழுத்து கம்பி வழியாகப் போனால் சட்டப்படி செல்லாது” என்று எழுத்துமூலம் எச்சரித்தவன். அந்த எச்சரிக்கையை எல்லாக் கிளைகளுக்கும் தொலைநகலில்தான் அனுப்பினார்கள்.

சிரியுங்கள். சிரிப்பதற்கு இன்னும் இருக்கிறது.

அதோ, மூன்றாவது வரிசையில் இருப்பவர் செல்வி ஜெகதீஸ்வரி. எழும்ப வேண்டாம் பிள்ளை, இரும். கப்பல் பத்திரங்களைப் பார்ப்பவர். சென்ற ஆண்டு ஒரு காலை, முதலாளியின் மேசைக்கு முன் நின்று அவர் சொன்னார்: “ஐயா, எங்களுக்கு ஈமெயில் வேணும். அதுக்குக் கொம்பியூட்டரை டெலிபோன் வயரில பூட்டிற ஒரு மோடம் வாங்கோணும்.”

என்ன காலம் அது? நாளுக்கு எட்டு மணித்தியாலம் மின்வெட்டு இருந்த காலம்! விளக்குக்கு மின்சாரம் இல்லை. கடிதத்துக்கு மின்சாரம் கேட்கிறார்! விசிறிக்கு வழியில்லை, விலைப்பட்டியல் மின்னலாய்ப் போகவேண்டும் என்கிறார்! அதற்குமேல், கேட்ட பொருளின் பெயரைப் பாருங்கள். மோடம்! கொழும்பில் பிறந்த குழந்தைக்கும் தெரியும், சிங்களத்தில் ‘மோட’ என்றால் முட்டாள். தமிழிலும் நாம் தயங்காமல் ‘மோடன்’ என்று எடுத்துக்கொண்டோம்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். “ஏம்மா, கந்தோர் நெறைய மோடனுங்க இருக்கானுங்க. இன்னொண்ணை வெளியிலேருந்து எதுக்கு வாங்கணும்?”

கந்தோரிலிருந்த மற்ற முப்பத்திரண்டு ஊழியர்களும் சிரித்தோம். முதலாளியின் பகிடிக்குச் சிரிப்பது நியமனக் கடிதத்தில் எழுதப்படாத கடமை. ஜெகதீஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். தேநீர் வரும்போது வந்தார், தேநீர்க் கோப்பை போகும்போதும் நின்றார். “ரொட்டர்டாமில விடியேக்க எங்கட விலை வாங்கிறவன்ர மேசையில கிடக்கும் ஐயா. ஃபக்ஸ் தாள் ஆறு மாதத்தில வெளிறிப்போகும், இது வெளிறாது. ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ.” மூன்றே வாக்கியங்கள். மாற்றமில்லை, மயக்கமில்லை, மனந்தளரவும் இல்லை. அவருடன் சேர்ந்து பேசியவர் களஞ்சியப் பொறுப்பாளர் நிக்கலஸ் ஒருவர்தான்.

யாரது, பின்னால்? “மோடம் எண்டு முதல் சொல்லிக் குடுத்ததே நான்தான் சிவா அண்ணே” என்கிறார் நிக்கலஸ். ஓம் ஐயா, வரலாறு குறித்துக்கொள்கிறது.

நாங்கள் என்ன செய்தோம்? ரொட்டர்டாம் வாடிக்கையாளர் ஒருநாள் எங்கள் ஈமெயில் முகவரியைக் கேட்டார். நான் முழு முகவரியையும் தட்டச்சிட்டு அனுப்பினேன். வீதி இலக்கம், கொழும்பு பதின்மூன்று, முருகன் கோயிலுக்கு எதிரே. கோயிலைச் சேர்த்தது என் சொந்த யோசனை. வெளிநாட்டவர் வழி தவறக்கூடாது அல்லவா?

அன்பர்களே, இனிச் சற்று மெதுவாகச் சிரியுங்கள்.

இந்த ஆண்டு ஆடி மாதம், பம்பலப்பிட்டியில் ஒரு கடைக்காரரிடம் ஜெகதீஸ்வரி பேசி, ஒரு கிழமை, ஏழு நாள், வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவதாகச் சொல்லி, ஒரு மோடத்தை வாங்கிவிட்டார். கண்ணால் கண்டால் முதலாளி இரங்குவார் என்று நம்பினார். அடுத்த நாள் காலை அதைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். அதே பஸ்ஸில் தெஹிவளையிலிருந்து நிக்கலஸ். கொள்ளுப்பிட்டிச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். பை திறந்தது. உள்ளே ஒரு கறுப்புப் பெட்டி, அதிலிருந்து வயர், வயரின் முனையில் இன்னொரு கட்டை.

“மே மொகத?” இது என்ன என்று கேட்டார் சிப்பாய்.

“மோடம்” என்றார் ஜெகதீஸ்வரி.

“காடத மோட கியன்னே?” யாரையடி மோடன் என்கிறாய்?

நம் நிக்கலஸ் சும்மா இருப்பாரா? உதவிக்குப் பாய்ந்தார். “மோடம் மாத்தயா, மோடம்!” என்று, ‘ஐயா’வையும் மரியாதையாகச் சேர்த்து, சிப்பாயின் முகத்துக்கு நேரே கையை நீட்டி இரண்டு முறை விளக்கினார். ஒரு மோடம் மூன்று மோடமாயிற்று.

நிக்கலஸின் அடையாள அட்டையில் பிறந்த இடம் கொழும்பு. அவரை விட்டார்கள். ஜெகதீஸ்வரியின் அட்டையில் யுத்தம் நடக்கும் வடக்கின் பருத்தித்துறை. அவரை ஜீப்பில் ஏற்றினார்கள்.

நிக்கலஸ் ஓடிவந்து சொன்னபோது மணி ஒன்பது. அதன்பின் எவரும் சிரிக்கவில்லை. பருத்தித்துறை அட்டையும் குண்டு போல வயர் வைத்த பெட்டியும் ஒரே பையில் அகப்பட்டால் ஒரு பெண் எத்தனை நாள், எத்தனை மாதம் உள்ளே இருக்கலாம் என்பதை இந்தச் சபைக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலாளி எழுந்தார். கோட்டு ஒன்றை மாட்டினார். நிக்கலஸைக் கூட்டிக்கொண்டு போனார்.

பொலிஸ் நிலையத்தில் இரண்டு மணித்தியாலம் காக்கவைத்தார்கள். பிறகு பொறுப்பதிகாரி பெட்டியை மேசையில் வைத்துக் கேட்டார்: “முதலாளி, இது என்ன? எதற்கு?”

சபையோரே, எங்கள் முதலாளி அன்று பேசிய பேச்சை நிக்கலஸ் எனக்குச் சொன்னபோது நான் இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். ஓர் ஆண்டுக்கு மேலாக “வேணாம்” என்ற ஒரே சொல்லைச் சொல்லிவந்தவர் சரளமான சிங்களத்தில் தொடங்கினார். ரொட்டர்டாமில் விடியும்போது விலை மேசையில் கிடக்கும் என்றார்! தொலைநகல் தாள் வெளிறும், இது வெளிறாது என்றார்! கையை ஜெகதீஸ்வரி ஆட்டுவது போலவே ஆட்டினார்! கடைசியில் “பொட்டக் ஹிதல பலன்ன மாத்தயா” என்றார். ஒருக்கா யோசித்துப் பாருங்கோ ஐயா! பருத்தித்துறையின் பேச்சு ஒன்று, காரைக்குடி வழி வந்த வாயால், சிங்களத்தில் ஒலித்தது.

யார் சொன்னது அவர் கேட்கவில்லை என்று? யார் சொன்னது அந்தத் தேநீர் நேரமெல்லாம் வீண் என்று? வேண்டாம் என்றவர் ஓர் எழுத்துத் தவறாமல் மனப்பாடம் செய்திருந்தார்!

பொறுப்பதிகாரி கெட்டிக்காரர். “இவ்வளவு நல்ல சாமான் என்றால் உங்கள் கந்தோரில் ஏன் இல்லை?” என்றார்.

முதலாளி கோட்டுப் பொத்தானைச் சரிசெய்ததாக நிக்கலஸின் சாட்சியம். பிறகு சொன்னார்: “அதுக்குத்தான் சார் கொண்டாந்தாங்க. நாளைக்கு வேலை செய்யும்.”

“சரி. நாளை பத்து மணிக்கு சார்ஜன்ட் வருவார். வேலை செய்யாவிட்டால் பெட்டியும் பெண்ணும் திரும்பி வரவேண்டும். நீங்களும்.”

முதலாளி கையெழுத்திட்டார். பிற்பகல் இரண்டு மணிக்கு ஜெகதீஸ்வரி வெளியே வந்தார். முதலாளியின் வான் வண்டியில் ஏறியதும் சொன்னார்: “நான் இதைத்தானே ஐயா காலமையிலயிருந்து அவையளுக்குச் சொன்னனான்.”

“தெரியும்மா” என்றார் முதலாளி. “நானும் ஒரு வருஷத்துக்கு மேல கேட்டேன்.”

அன்று மாலை ஜெகதீஸ்வரியின் கையாலேயே பெட்டி தொலைபேசிக் கம்பியில் பூட்டப்பட்டது. அது கீச்சிட்டது, கரகரத்தது, அறுந்தது. மூன்று முறை அறுந்தது. இயந்திரத்தில் பிழையில்லை. மேல்மாடியில் அம்மையார் நாச்சம்மை தொலைபேசியை எடுத்து, தங்கையிடம் அந்த இரைச்சலைப் பற்றி முறையிட முயன்றுகொண்டிருந்தார். மன்னியுங்கள் அம்மா, வரலாறு உங்களையும் குறித்துக்கொள்கிறது. நிக்கலஸ் மேலே போய்த் தொலைபேசிக்குக் காவல் நின்றார். நான்காம் முறை பிடித்தது. மறுநாள் பத்து மணிக்கு சார்ஜன்ட் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்திருக்க, ரொட்டர்டாமின் பதில் திரையில் வரி வரியாக இறங்கியது. அவர் குறிப்புப் புத்தகத்தில் “வேலை செய்கிறது” என்று எழுதினார். அந்தச் சொல்லை நான் எழுதியிருக்கவேண்டும். ஒரு வருடம் முன்னதாக.

இப்போது என் தலைப்புக்கு வருகிறேன். ஜெகதீஸ்வரி சொன்னபோது கந்தோர் நம்பவில்லை. அவரே சொன்னபோது சாவடியும் நம்பவில்லை. அதே சொல்லை முதலாளி சொன்னபோது எல்லோரும் நம்பினார்கள். சொல் மாறவில்லை, பொருள் மாறவில்லை; சொன்ன ஆள்தான் மாறினார். அன்று பொலிஸ் நிலைய வாங்குப் பலகையில் அவரோடு பிடிபட்டு இருந்த இன்னும் இரண்டு பெண்களுக்காகக் கோட்டு மாட்டி வர முதலாளி எவரும் இல்லை. புதுமையை வரவேற்போம் என்கிறோம். அதைக் கொண்டுவருபவரை வரவேற்றோமா? இயந்திரத்துக்குச் சந்தனம் பூசினோம். அவருக்கு என்ன செய்தோம்?

போன கிழமை ஜெகதீஸ்வரி ஒரு கோரிக்கை வைத்தார். சம்பளத்தைக் கேட்கவில்லை, பதவியைக் கேட்கவில்லை. “அடுத்த முறை நீங்கள் வரும்வரைக்கும் காத்திருக்க ஏலாது ஐயா. கையில ஒரு கடிதம் தாங்கோ” என்றார். நான் மூன்று நாள் பாடுபட்டு மூன்று மொழியில், ‘மேற்படி’யும் ‘இத்தால்’களும் நிறைந்த நான்கு பக்கம் வரைந்தேன். முதலாளி அத்தனையையும் வெட்டிவிட்டுத் தன் கையால் ஒரு வரி எழுதி, முத்திரை வைத்து, இப்போது என்னிடம் தந்திருக்கிறார். வாசிக்கிறேன்:

“இவர் சொல்வது சரி. என்னைக் கேட்க வேண்டியதில்லை.”

வாரும் பிள்ளை, வந்து வாங்கும். எழுந்து நில்லுங்கள் எல்லோரும்; முப்பத்திரண்டு பேரும் கை தட்டுங்கள், இம்முறை கட்டாயமில்லை! இத்தனை நேரம் என்னையும் என் தமிழையும் பொறுத்த தாய்மார்களுக்கும், தன்னைப் பற்றிய பேச்சைத் தலைகுனிந்து கேட்ட தலைவருக்கும், நன்றி சொல்லி அமர்கிறேன். வணக்கம்!