ஃபிளோரா குடுத்தது

திருப்தியான்னு கேட்ட எடத்துல ரெண்டுன்னே போடும்மா. அஞ்சுக்கு ரெண்டு. வெளங்கித்தான் சொல்லுதேன். ஒங்க ஆஸ்பத்திரி மேல ஒரு குத்தமும் கெடையாது. கிட்னி நல்லாத்தான் வேல செய்யுது, ஒங் கையிலதான் ரிப்போர்ட்டு இருக்குல்லா.

முன்னால நாளைக்கு ரெண்டு தம்ளர் தண்ணிதான் குடிக்கலாம். கிட்னி மாத்துன ஆபரேசன் முடிஞ்சு ஒரு செம்புத் தண்ணிய மடமடன்னு குடிச்சுட்டு அழுதேன் பாத்துக்க. இப்ப உவரிக் கடக்கரையில மீன்புடி போட்டுக்கு இஞ்சின் ரிப்பேர் பாக்கவும் போறேன். பெறவு என்ன கொறைன்னு கேக்கியா?

குடுத்தது என் தங்கச்சி ஃபிளோரா. அந்தா, மருந்து வாங்குத வரிசையில நிக்கா பாரு, பச்சச் சேல. நாலு வருசமா ஒவ்வொரு செக்கப்புக்கும் அவதான் கூட வாரா.

இல்ல, கல்யாணம் ஆகல. நிச்சயம் ஆயிருந்துச்சு. எட்வின்னு ஒரு வாத்தியாரு, ஆழ்வார்குறிச்சியில வேல. சர்ச்சுல எல்லாருக்கும் முன்னால கல்யாண ஓலை கூட வாசிச்சாச்சு. இவ கிட்னி குடுத்த பெறவு, இந்தப் பிள்ள பேறுகாலம் தாங்குமான்னு அவங்கம்மா கேட்டா. தாங்கும்னு டாக்டரே சொன்னாரு. கேக்கல. நின்னு போச்சு. எட்வினுக்கு இப்ப ஒரு பொம்பளப் பிள்ள இருக்கு.

இவ ஒரு வார்த்த என்னிய ஏசலம்மா. ஏசிருந்தா தேவல. காலையில எட்டு மணி அடிச்சா மாத்திரையோட வந்து நிப்பா. எம் பொண்டாட்டிகிட்ட நான் சத்தம் போட்டா, பிரஷர் ஏறும்ண்ணே, பைய பேசும்னு சொல்லுவா. அவ கண்ண ஏறிட்டுப் பாக்க முடியல.

ஆமா, அவளாத்தான் குடுத்தா. யாரும் கட்டாயப்படுத்தல. எல்லாரும் அதத்தான் சொல்லுதாவ.

ஆபரேசனுக்கு முந்துன வாரம் எனக்குச் சோறு போட்டுக்கிட்டே கேட்டா. அண்ணே, கல்யாணம் முடிஞ்சு ஒரு வருசம் கழிச்சுக் குடுத்தா ஆவாதா, டாக்டர் என்ன சொல்லுதாருன்னு. நான் தட்டப் பாத்துக்கிட்டே, அவ்வளவு நாளு தாங்காதுன்னு சொல்லிட்டாரு தாயின்னேன். சரிண்ணேன்னு கொழம்ப ஊத்துனா.

டாக்டர் அப்படிச் சொல்லலம்மா. டயாலிசிஸ்ல ரெண்டு வருசம் கூட ஓட்டலாம்னுதான் சொன்னாரு. எனக்குத்தான் வாரத்துக்கு மூணு தடவ அந்த ஊசி குத்துதது பொறுக்கல.