வண்டியோடு திரும்பிய காற்று

உங்கள் வீட்டு வாசலில் படியே இல்லை என்பது எனக்கு இன்றுதான் தெரியும் அம்மா. தெருவிலிருந்து அப்படியே உள்ளே வந்துவிடலாம் போலிருக்கிறது. சக்கர நாற்காலிக்கு ரொம்ப வசதி. நான் மூன்று படி இருக்கும் என்று நினைத்திருந்தேன், அதுவும் உயரமான படிகள். அந்த எண்ணம் எனக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்கிறேன். உங்கள் அண்ணன் கடைசிவரை உங்களைப் பார்க்க ஏன் வரவில்லை என்று கேட்கத்தானே என்னை வரச் சொன்னீர்கள். மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. நான் செய்ததில் கெட்ட எண்ணம் துளிகூடக் கிடையாது.

பழைய கார்களைப் புதுப்பித்துக் கொடுப்பது என் தொழில். உங்கள் அண்ணன் வீட்டுக் கொட்டகையில் அப்படி ஒரு வண்டி இருப்பதாக ஒரு வெல்டர் சொன்னபோது நான் நம்பவில்லை. அண்ணன் வேலை பார்த்த தொழிற்சாலை சோதனைக்காகச் செய்த ஒரே ஒரு மாதிரி வண்டி. விற்பனைக்கு வரவே இல்லை. ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது, உள்ளே ஒரு விசிறிகூடக் கிடையாது. ஓடும்போது எதிரே அடிக்கிற காற்றுதான் எஞ்சினைக் குளிர வைக்க வேண்டும். ஓடினால் குளிரும், நின்றால் கொதிக்கும். வரைந்து கொடுத்தவர் அவர்தான் என்பதால் அவரிடமே காரணம் கேட்டேன்.

"என் தங்கச்சியைப் பார்த்துத்தான் செஞ்சேன் தம்பி. அவளையும் சும்மா ஒரு இடத்துல உட்கார வெச்சா கொதிச்சிடுவா" என்றார்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் சொன்னதைச் சொல்கிறேன்.

தார்ப்பாயை விலக்கியபோது வண்டியில் பாதிதான் இருந்தது. தரைத் தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்து, சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்த முதுகின் வளைவு இருக்கிறதே, அதைப் பார்த்தபோது கோயிலுக்குள் நுழைந்தவன் மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டேன். நான் பக்தி உள்ளவன் அம்மா. அழகானதைக் கெடாமல் காப்பதும் ஒரு வழிபாடு என்று நம்புகிறவன்.

அண்ணன் விலை பேசவில்லை. தன் காலத்துக்குப் பிறகு வண்டி எனக்கே என்று சொல்லிவிட்டார். பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டார். வண்டி ஓடுகிற நிலைக்கு வந்ததும், அவரை அதில் உட்கார வைத்து உங்கள் வீட்டுக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டு வர வேண்டும். காரணம் உங்களுக்குத் தெரியும். முதல் சோதனை ஓட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நீங்கள். கடைத்தெரு நெரிசலில் வண்டி நின்று கொதித்துப்போக, புதுச் செருப்பும் நீங்களுமாக இறங்கி, தெருவே சிரிக்க, வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தீர்களாம். ஒரு நாளாவது தள்ள வைக்காமல் உங்களை அதில் ஒரு சுற்று கூட்டிப்போகிறேன் என்று அன்றைக்கு வாக்குக் கொடுத்தாராம். அப்புறம் அவருக்குக் கண் போயிற்று, கால் போயிற்று. உங்களுக்கு இடுப்பு உடைந்தது. ஊரின் இந்தக் கோடியில் நீங்கள், அந்தக் கோடியில் அவர்.

டாக்ஸியில் போகலாமே என்று நானே சொல்லிப் பார்த்தேன். "டாக்ஸியில போய் இறங்கினா ஆயுசுக்கும் சிரிப்பா" என்று மறுத்துவிட்டார்.

வேலை நடந்த காலம் முழுவதும் அவரை நான் எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டேன் என்று அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். மாத்திரை எடுத்துக் கொடுப்பேன், முகம் மழித்துவிடுவேன். அவர் கொட்டகையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் செய்வேன். எஞ்சினைச் சுற்றியிருக்கும் மெல்லிய தகடுகளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தேன். கதவுக் கீலுக்கு அடியில் ஒளிந்திருந்த பழைய இளம்பச்சையைக் கண்டுபிடித்து, அதே நிறம் கிடைக்கும்வரை பெயிண்ட் கடைக்காரரின் உயிரை வாங்கினேன். கடைசிப் பூச்சு காய்ந்ததும் அண்ணன் தடவிப் பார்க்க வேண்டும் என்றார். மோதிரத்தைக் கழற்றிவிட்டுத் தொடச் சொன்னேன். அவர் மறு பேச்சு பேசாமல் கழற்றினார். அந்த அளவுக்கு எங்களுக்குள் ஒத்துப்போயிற்று.

வேலை முடிந்ததும் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வருவதாக உங்களுக்குச் சொல்லியிருந்தோம். காலையிலேயே கதவைத் திறந்து வைத்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்ததாகச் சற்று முன் சொன்னீர்கள். நான் அதை மறுக்கவில்லை.

அன்று லேசான தூறல். வழியில் குழாய் போடத் தோண்டி, மேலே சரளைக்கல் கொட்டியிருந்தார்கள். நீங்கள் ஒரு வண்டிக்குப் பெயிண்ட் அடித்ததில்லை. டயரில் தெறிக்கும் ஒரு சின்னக் கல் என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. கொட்டகை வாசலில் நின்று நிதானமாக யோசித்தேன். பெரியவருக்கு வேண்டியது போய் வந்த சந்தோஷம். வண்டிக்கு வேண்டியது கல் படாத உடம்பு. இரண்டில் ஒன்றைப் பறிக்க எனக்கு மனசு வரவில்லை. இரண்டையும் கொடுக்க வழி இருந்தது.

வண்டி, வேலைக்காக வைத்த நான்கு இரும்பு ஸ்டாண்டுகள் மேல் நின்றுகொண்டிருந்தது. சக்கரங்கள் தரைக்கு ஒரு சாண் உயரம். அதை இறக்கவில்லை, அவ்வளவுதான்.

பின்பக்கம் இருக்கும் எஞ்சினுக்குக் காற்றடிக்க இரண்டு மின்விசிறிகள் வைத்தேன். அண்ணன் முகத்துக்கு இடதுபக்க ஜன்னலோரம் ஒன்று. சைலன்ஸரில் குழாய் மாட்டிப் புகையை வெளியே விட்டேன்; அவர் நெஞ்சுக்குப் புகை ஆகாது, அதிலெல்லாம் நான் கவனமாக இருப்பேன். பிறகு அவரைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்தேன். தலை வாரி, கோட்டு போட்டு, மாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

"என்னப்பா, வண்டி வளர்ந்துடுச்சா? முன்னைவிட உயரமா இருக்கு."

புது டயர் என்று சொன்னேன். சரி என்றார். கிளம்பும் முன் கண்ணை மூடி, வாய்விட்டுப் பிரார்த்தனை செய்தார். வழித்துணைக்கு வேண்டிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். "கடவுளே, ஓட்டுறவனுக்கு நல்ல மனசைக் கொடு" என்று மட்டும் சொன்னார். அந்த வயதிலும் பிறருக்காகவே வேண்டிக்கொள்ளும் குணம்.

எஞ்சினைக் கிளப்பி கியர் போட்டேன். சக்கரங்கள் அந்தரத்தில் பூப்போலச் சுற்றின. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் எந்தத் தெரு என்று சொன்னேன். இடையிடையே ஹாரன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக் காற்று வாங்கிக்கொண்டு வந்தார். பிறகு கேட்டார்:

"தம்பி, ரெண்டு தடவை திரும்பிட்டோம். காத்து மட்டும் இடப்பக்கமே இருக்கே?"

"காத்தும் நம்மகூடத் திரும்புதுங்க ஐயா."

"அப்படியா. பாசக்காரக் காத்து."

வழியில் டீ குடிக்கலாமா என்றார். நிறுத்தி, இறங்கிப் போய், அவர் வீட்டு அடுப்படியிலேயே போட்டுக் கொண்டுவந்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, இந்தக் கடைக்காரன் கைப்பக்குவம் உன் கைப்பக்குவம் மாதிரியே இருக்கிறது என்று மெச்சினார். தன் கோட்டுப் பையிலிருந்து பிஸ்கட் எடுத்துப் பாதியை எனக்குக் கொடுத்தார்.

உங்கள் வீடு வந்ததும் எஞ்சினையும் விசிறிகளையும் நிறுத்திவிட்டு, கொட்டகையின் மரக்கதவைத் தட்டினேன். "அம்மா, அம்மா" என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டேன். திரும்பி வந்து, வீடு பூட்டியிருக்கிறது, டாக்டரிடம் போயிருப்பீர்கள் போலிருக்கிறது என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது. அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"வாசல்ல எத்தனை படி இருக்கு தம்பி?"

"மூணு இருக்குங்க ஐயா. நல்ல உயரம். நாற்காலியை ஏத்தறதே கஷ்டம்தான்."

"ஆமா ஆமா. மூணு படி. மறந்தே போயிட்டேன்" என்றார்.

நாற்காலி ஏறுவதற்காக, படிகளை இடித்துச் சரிவாகக் கட்டச் சொல்லி ஆள் அனுப்பியதே அவர்தான் என்று நீங்கள் சொல்கிறீர்கள். இருக்கலாம். முதுமையில் ஞாபகம் இப்படித்தான் அம்மா, நாம் கட்டியதே நமக்கு மறந்துவிடும். ஆனால் திரும்பி வந்து அவரை இறக்கியபோது சொன்னது எனக்கு மறக்கவே மறக்காது. "ரொம்ப நல்லா ஓட்டினே. வழி முழுக்க ஒரு குலுக்கல்கூட இல்லை." சஸ்பென்ஷன் வேலைக்கு நான் பட்ட பாட்டை அந்த ஒரு வார்த்தையில் புரிந்துகொண்டு பாராட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நீங்கள் ஃபோனில் பேசிக்கொள்வீர்களே என்று அன்று நான் பயந்தது உண்மை. ஆனால் மறுநாள் அவர் ஒன்றும் கேட்கவில்லை. வழக்கம்போலச் சிரித்தார். அடுத்த ஞாயிறும் போகலாமா என்று அவராகவே கேட்டார்.

போனோம். அதற்கடுத்த ஞாயிறும் போனோம். வண்டி துளி அழுக்குப் படாமல் இருந்தது. அவருக்கும் வாராவாரம் ஒரு பயணம். ஒவ்வொரு தடவையும் அதே பிரார்த்தனை. ஒவ்வொரு தடவையும் நீங்கள் வீட்டில் இல்லை. ஒரு வாரம் டாக்டர், ஒரு வாரம் பக்கத்து வீடு. நடக்க முடியாதவள் என்னைவிட அதிகமாக ஊர் சுற்றுகிறாளே என்று சிரித்தார். ஒரு வாரம் நான் வேறு காரணம் தேடித் தடுமாறியபோது, தூங்கிக்கொண்டிருப்பாள், எழுப்ப வேண்டாம் என்று அவரே எடுத்துக் கொடுத்தார். அவ்வளவு இங்கிதமான மனிதர்.

கடைசி ஞாயிறைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அன்று அவருக்கு மூச்சு வாங்கியது. தூக்கி உட்கார வைக்கும்போது பறவையைத் தூக்குவது போலிருந்தது. வெளியே நல்ல வெயில், மழையின் சுவடே இல்லை. சரளைக்கு மேல் தாரும் போட்டுவிட்டார்கள்.

"இன்னைக்கு அவ வீட்டுல இருந்தா நல்லா இருக்கும் தம்பி. அடுத்த ஞாயிறு என்ன ஆகும்னு எனக்குத் தெரியலை."

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஜாக்கை எடுத்துவந்து பின்பக்க ஸ்டாண்டுகளை விலக்கி இறக்கினேன். பின்சக்கரங்கள் தரையைத் தொட்டன. வண்டி லேசாக அமர்ந்தபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோட்டுப் பொத்தானைச் சரி செய்தார். "வாசல்ல வந்து நிக்கச் சொல்லிடலாமா அவளை?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் முன்பக்கத்துக்கு வந்தபோதுதான் புதுத் தார் வாடை அடித்தது. புதுத் தார் பெயிண்டில் ஒட்டினால் போகாது அம்மா. தேய்த்து எடுத்தாலும் கறை நிற்கும். அந்தப் பச்சையை இனி யாராலும் கலக்க முடியாது, அந்தப் பெயிண்ட் கடைக்காரரே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகு பின்பக்கம் போய் வண்டியை மறுபடி ஏற்றினேன்.

ஜாக் ஏறும் சத்தம் அந்தச் சின்னக் கொட்டகையில் பெரிதாகத்தான் கேட்டது. நான் வந்து உட்கார்ந்ததும், தடவித் தடவி என் தோளைக் கண்டுபிடித்துக் கை வைத்தார்.

"பரவாயில்லைப்பா. கிளம்பு. விசிறியைப் போட்டுக்கோ, எஞ்சின் பாவம், சூடாகிடும்."

விசிறி என்று அவர் சொன்னது எனக்கு அப்போது விசித்திரமாகப் படவில்லை. மூச்சுத் திணறலில் ஏதோ பேசுகிறார் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்த வாரமே போய்விட்டார். தூக்கத்தில், அமைதியாக. கடைசியாக அவர் போன பயணம் என்னோடுதான் என்பதில் எனக்கு ஒரு நிறைவு உண்டு.

ஒவ்வொரு ஞாயிறு சாயங்காலமும் அவர் உங்களுக்கு ஃபோன் செய்ததாக நீங்கள் சொன்னபோது முதலில் திடுக்கிட்டேன். "இன்னைக்கும் வண்டி கிளம்பலை. பையன் நல்ல பையன்தான், அவனைத் திட்டாதே. கிளம்பிடுவான்" என்றாராம். பாருங்கள், அவ்வளவு தூரம் போய் வந்தது சாயங்காலத்துக்குள் மறந்துவிட்டது. அந்த மறதிகூடக் கடவுளின் கருணைதான். ஒவ்வொரு வாரமும் அவருக்கு அது முதல் பயணமாக இருந்திருக்கும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நீங்கள் என்னைத் திட்டவில்லை. எழுந்திருக்க முடியாத நிலையிலும் பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளி, "சாப்பிடு தம்பி, இவ்வளவு தூரம் பஸ்ல வந்திருக்கே" என்றீர்கள். நீங்களும் உங்கள் அண்ணன் மாதிரியே நல்லவர். வண்டியில் வராமல் ஏன் பஸ்ஸில் வந்தேன் என்றும் கேட்கவில்லை.

அவரை அடக்கம் செய்த இடத்துக்கு அந்த வண்டியில் ஒரு தடவை கூட்டிப்போவாயா என்று கேட்கிறீர்கள். அதற்கென்ன அம்மா, கட்டாயம் போகலாம். உங்கள் அண்ணனுக்குக் கொடுத்த வாக்கில் பாதி உங்களுடையதுதானே. ஞாயிற்றுக்கிழமை காலையில் டாக்ஸி வைத்து உங்களைக் கொட்டகைக்கு அழைத்துப்போகிறேன். வளையலை மட்டும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். விசிறிகள் மூன்றும் அங்கேயே இருக்கின்றன.

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டால் போதும்.