சொன்னவர்: ஹமீது பீவி, மேலப்பாளையம்

டார்லின், என் அட்டைகள் எப்போதும் சுத்தமாக இருக்கும். அடித்தல் திருத்தல் கிடையாது. சொல், பொருள், சொன்னவர் பெயர், ஊர், வயது, தேதி. நம் குழுவில் சிலர் பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில்கூடக் குறித்துக்கொண்டு வருவார்கள். நான் ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை.

குழந்தைப் பராமரிப்புக் கலைச்சொற்களுக்காக நாம் மாதம் ஒருமுறை பாளையங்கோட்டையில் கூடினோம். நீங்கள் செவிலியர் பாடம் நடத்துகிறவர். ஏதோ ஒரு சொல் கிடைத்தால் உங்களுக்குப் போதும். எனக்கு அப்படியில்லை. முப்பது வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்து நான் ஆக்கிய சொல் ஒன்றுகூடக் கரையேறவில்லை. "இது அப்பாத்துரை மேசையில உக்காந்து செஞ்ச சொல்லு வே" என்று தலைவர் சிவசைலம் சிரித்துக்கொண்டே ஒதுக்கிவிடுவார். மக்கள் வழக்கு என்று அட்டையில் இருந்தால் மட்டும் அதே மனிதர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போடுவார். யாராவது ஒருவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வாயைத் தேடித்தான் மேலப்பாளையம் போனேன். ஹமீது பீவிக்கு அறுபத்தெட்டு வயது. அந்தத் தெருக்களில் பிறக்கிற பிள்ளைகளை நாற்பது நாள்வரை குளிப்பாட்டுவது அவர்தான். நீட்டிய கால்களில் பிள்ளையைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். மூன்று நாள் காலையில் கூடவே இருந்தேன். சீம்பால், உச்சிக்குழி, உரம் விழுதல் என்று அகராதியில் இருப்பதையே சொன்னார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து பதினொரு அட்டைகள் எழுதினேன். பால் குடிக்கும்போதே பிள்ளை அயர்ந்துபோவதற்குப் பாலுறக்கம். திடுக்கிட்டுக் கைகளை விரிப்பதற்குக் கைவெருவல். பதினொன்றும் நான் செய்தவை. சொன்னவர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதினேன்.

அடுத்த கூட்டத்தில் சிவசைலம் பாலுறக்கத்தை இரண்டு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். "இதை எந்தப் பண்டிதனால வே செய்ய முடியும்?" என்றார். நான் அன்று பஸ் ஏறாமல் வீடுவரை நடந்தே போனேன். அப்படி ஒரு சந்தோஷம்.

பிறகுதான் நீங்கள் ஹமீது பீவியின் குரலைப் பதிவு செய்யக் கிளம்பினீர்கள். நானும் வந்தேன். அவர் மகன் சிராஜுதீன் நாற்காலி போட்டார். குளிப்பாட்டக் கொடுத்த பிள்ளையைத் திரும்ப வாங்க வந்த ஒரு தாய் வாசலில் நின்றாள். நீங்கள் என் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டீர்கள்.

"நான் சொன்னேனாக்கும்? இப்படிச் சொல்லு நான் கேட்டதே இல்லையே சார்," என்றார் ஹமீது பீவி.

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். உண்மையைச் சொல்ல அந்த ஒரு நிமிஷம் போதும். நான் குரலைத் தாழ்த்தி, "அம்மாவுக்கு இப்பம் மறதி கூடிட்டு போல," என்றேன். அட்டையைச் சிராஜுதீனிடம் நீட்டினேன்.

"உம்மா, சார் தேதி போட்டுல்லா எழுதி வச்சிருக்காங்க."

ஹமீது பீவி அட்டையை வாங்கிப் பார்த்தார். "சார் பொய்யா எழுதப் போறாங்க? எனக்குத்தான் என்னமோ ஆயிட்டு," என்றார். வாசலில் நின்ற தாய் பைய வந்து தன் பிள்ளையை எடுத்துக்கொண்டாள்.

ஒரே மாதத்தில் அவரைக் கூப்பிடுவது நின்றுபோயிற்று. எண்ணெய் வழுக்குகிற பச்சைப்பிள்ளையை மறதிக்காரி கையில் யார் கொடுப்பார்கள்? வீட்டிலும் அடுப்புப் பக்கம் விடவில்லை. டாக்டர் ஒன்றுமில்லை என்றாராம். ஆனால் செருப்பை இடம் மாற்றி விட்டால்கூட வீட்டில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். இதையெல்லாம் எனக்குப் போனில் சொன்னது சிராஜுதீன்தான். "நல்லவேளை நீங்க கண்டுபிடிச்சிய சார். இல்லாட்டி எந்தப் பிள்ளையையாவது கீழ விட்டிருப்பாங்க," என்று நன்றி சொன்னார். அந்த நன்றியை நான் வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் அவரே நம்மை வரச்சொன்னார். சிராஜுதீன் நம்மிடம் வாங்கிப் போன என் சொற்பட்டியலை மருமகளை வாசிக்கச் சொல்லி, கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தார். பதினொன்றையும் பொருளோடு, ஒன்றுகூடத் தப்பாமல் ஒப்பித்தார். நீங்கள் பதிவு செய்தீர்கள். "சரியா இருக்கா சார்? தெருவுல சொல்லுங்க. இனிமே பிள்ளையளத் தருவாங்கல்லா?" என்று கேட்டார். நான் பையிலிருந்து ஒரு புது அட்டையை எடுத்து, அவர் பெயரை எழுதித் தேதி போட்டேன். அதிலும் அடித்தல் திருத்தல் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய வெட்கம்.

இந்தக் கடிதத்தைச் சிராஜுதீனுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் உம்மாவுக்கு எந்த மறதியும் இல்லை, ஒரு நாளும் இருந்ததில்லை. தெருவுக்கும் சொல்லச் சொல்லுங்கள். நானே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மேலப்பாளையம் பஸ் வந்தால் ஏறாமல் நின்றுவிடுகிறேன். குழுவிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். அந்தச் சொற்களையும் அடித்துவிடுங்கள்.

பாலுறக்கம் மட்டும் இருக்கட்டும். அவர் ஒப்பித்த அன்று, நீங்கள் பதிவுக் கருவியை மூடிய பிறகு, ஹமீது பீவி பக்கத்து வீட்டுக்காரி மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்து, கையை நீட்டாமல், "பாலுறக்கத்துல கிடக்கு, எழுப்பாதிய," என்றார். அதை அவர் உண்மையாகவே சொன்னார், டார்லின். அதற்கு எழுதிய அட்டை என்னிடம் இருக்கிறது.