இரண்டாவது டப்பா

ராத்திரி ஒன்றே முக்கால் மணி. நேர் ரோடு. முன்னாலும் வண்டியில்லை, பின்னாலும் வண்டியில்லை... அப்போதுதான் அவன் முதுகுக்குப் பின்னால் குறட்டைச் சத்தம் கேட்டது.

கிட்டே வாருங்கள், இதைச் சத்தம் போட்டுச் சொல்ல மாட்டேன். லோடு இறக்க நிற்கிற இந்த லாரி வரிசை இப்போதைக்கு நகராது. எனக்கு முன்னால் பதினேழு வண்டி நிற்கிறது, எண்ணிவிட்டுத்தான் வந்தேன். டேங்கர்காரரே, அந்த டப்பாவைத் தொடாதீர்கள். என் சாப்பாட்டை நான் அப்போதே சாப்பிட்டாயிற்று. இது வேறு ஒருவருக்கு.

கதை எனக்கு நடந்ததில்லை. என் கூட்டாளியின் தங்கை புருஷனுக்கு நடந்தது. எனக்கு நடந்தது கடைசியில் வரும்.

மாப்பிள்ளை ஆள் குள்ளம். சீட்டை முன்னால் இழுத்துப் போட்டு, ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓட்டுவான். நாங்கள் வைத்த பெயர் ரெட்டை டப்பா. வீட்டிலிருந்து அவனுக்குச் சாப்பாடு இரண்டு டப்பாவில் வரும். ராத்திரியில் தனியாக ஓட்டுகிறானே என்று அவன் பெண்டாட்டிக்குப் பயம். நச்சரிப்புத் தாங்காமல் ஒருநாள் ஒரு கதையை அவிழ்த்துவிட்டான்: "தனியா எங்க போறேன்? கூட ஒரு டிரைவர் வர்றான்." அன்றைக்குத்தான் அந்தப் பெண் நிம்மதியாகத் தூங்கினாள். மறுநாள் இரண்டு டப்பா. "பாவம், அவருக்கும் வீட்டுச் சாப்பாடு கெடைக்கட்டுமே" என்றாள். என்ன செய்வான்? ஒன்றைச் சாப்பிட்டான், மற்றதை வழியில் நாய்க்குக் கொட்டினான், இரண்டையும் கழுவி வீட்டில் கொடுத்தான்.

இது ஒரு பொய். இன்னொரு பொய் ஆபீசில் இருந்தது. உங்களுக்குத் தெரியாததா? எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம் என்றால் இரண்டு டிரைவர் இருக்க வேண்டும். டிரிப் ஷீட்டில் இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் நீ. இரண்டாவதில் யார் பெயரையாவது எழுதி, லைசென்ஸ் நகலைக் குத்தி அனுப்புவார் முதலாளி. கேட்டில் கேட்டால், "பின்னாடி தூங்குறார் சார்" என்று சீட்டுக்குப் பின்னாலிருக்கிற படுக்கைத் திரையைக் காட்ட வேண்டும். கேட்டவனும் எட்டிப் பார்க்க மாட்டான். வேலை இரண்டு ஆளுக்கு, சம்பளம் ஒரு ஆளுக்கு. அதுவும் சக்கரம் சுற்றினால்தான். இப்போது ராத்திரி பூராவும் நிற்கிறோமே, இதெல்லாம் நாம் செய்கிற தர்மம்!

ரெட்டை டப்பாவின் ஷீட்டில் இரண்டாவது கட்டத்தில் நெட்டையின் பெயர் இருந்தது.

நெட்டையை உங்களில் யாருக்காவது தெரியுமா? தெரியாதா... நல்ல உயரம். கேபினுக்குள் குனிந்தேதான் இருப்பான். இதே மாதிரி ஒரு வரிசையில் முப்பத்தோரு மணி நேரம் காத்துக் கிடந்தான். அதற்கு முன்னால் இரண்டு ராத்திரி ஓட்டம். "வரிசை நகர்ந்தா எழுப்புங்கப்பா" என்று பக்கத்து வண்டியில் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தான். விடியற்காலையில் வரிசை நகர்ந்தது. அவன் வண்டி மட்டும் நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் கால் மணி நேரம் ஹார்ன் அடித்தார்கள், வாயில் வந்தபடி திட்டினார்கள். கடைசியில் ஒருவன் ஏறிப் போய்த் தொட்டுப் பார்த்தான்... ஆறிப்போயிருந்தது உடம்பு. முதலாளிக்கு போன் போட்டால் அவர் கேட்ட முதல் கேள்வி, "லோடு எறங்கிடுச்சா?" நன்றாக இருக்கட்டும் அந்த மனுஷன்!

ஆள்தான் போய்விட்டான். லைசென்ஸ் இன்னும் ஒன்பது மாதம் செல்லும். அதை வீணாக்குவானேன் என்று முதலாளி எழுதிவிட்டார்.

இப்போது ஒன்றே முக்கால் மணிக்கு வருகிறேன்.

குறட்டை... மெதுவாக, இழுத்து இழுத்து, முடிவில் சின்னதாக ஒரு விசில். என்ஜின் சத்தத்துக்கு அடியில். வண்டியை ஓரம் கட்டினான். டார்ச்சை அடித்துக்கொண்டு திரையை விலக்கினான். யாருமில்லை. படுக்கைப் பலகையில் கை வைத்தான். கதகதப்பாக இருந்தது, இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி. தலைவலித் தைல வாசனை. இவன் தைலமே போடுவதில்லை.

வேறொருவனாக இருந்தால் குதித்து ஓடியிருப்பான். இவன் திரையை மூடிவிட்டு மறுபடி வண்டியை எடுத்தான். பின்னால் என்னிடம் அவனே சொன்னான். "பயமாத்தான் இருந்துச்சு மச்சான். ஆனா ஆறு வருசமா ராத்திரி ராத்திரி என் மூச்சை மட்டும் கேட்டுக்கிட்டுப் போறேன். மொத தடவையா இன்னொரு மூச்சுச் சத்தம் கேக்குது. அத எப்படி எறக்கிவிட மனசு வரும்?"

அன்றைக்கு இரண்டாவது டப்பா நாய்க்குப் போகவில்லை. பலகைமேல் வைத்துவிட்டான்.

அடுத்த ஓட்டம். கண் சொருகுகிறது. கன்னத்தில் அறைந்துகொள்கிறான், ஜன்னலைத் திறக்கிறான், தெரிந்த பாட்டு தெரியாத பாட்டு எல்லாம் பாடுகிறான். ஒன்றும் பலிக்கவில்லை. அப்போது பின்னால், பலகையில்... டக். டக்.

ஜோடியாக ஓட்டியவர்களுக்கு இது தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். இரண்டு தட்டு. நீ படு, என் முறை என்று அர்த்தம். மாப்பிள்ளை வண்டியை ஓரம் கட்டினான். ஒன்றும் பேசாமல் பின்னால் போய்ப் படுத்துவிட்டான்! பேயா பிசாசா என்று யோசிக்கக்கூடத் தெம்பில்லை. அவ்வளவு அசதி.

கண் விழித்தால் பளபளவென்று விடிந்திருக்கிறது. லோடு இறக்க வேண்டிய கேட்டில் வண்டி நேராக நிற்கிறது. ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறது. மீட்டரில் இருநூறு கிலோமீட்டர் கூடியிருக்கிறது. டப்பா காலி, கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது. டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான்... கால் பெடலுக்கு எட்டவில்லை. சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளியிருந்தார்கள்.

எட்டு மாதம் இப்படியே போனது. ஆள் தேறிவிட்டான், கண்ணுக்குக் கீழே இருந்த கருப்புகூட மறைந்துவிட்டது. திரையைப் பார்த்து வீட்டுக் கதை, ஊர்க் கதை எல்லாம் பேசுவானாம். கேடு காலம் எங்களுக்கு. "அவன் இருபது மணி நேரத்துல போய்ச் சேர்றான், உங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்று ஆபீசில் எங்களை வறுத்தெடுத்தார்கள். அவனை நாங்கள் சபிக்காத நாளில்லை.

ஒரு ராத்திரி அவன் பெண்டாட்டி தூக்கம் வராமல் போன் போட்டாள். இரண்டு மணி இருக்கும். வேறு ஒரு குரல் எடுத்தது.

"அவர் தூங்குறாரும்மா. நான் ஓட்டிக்கிட்டிருக்கேன். பயப்படாதீங்க."

இவளுக்குச் சந்தோஷம். சாப்பாடு பிடித்திருக்கிறதா என்று கேட்டாள். ரொம்ப நன்றாக இருக்கிறது என்றது குரல். "நீங்க எப்ப உங்க வீட்டுக்குப் போவீங்க?" என்று கேட்டாள். டயர் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே சொன்னதாம், "மாத்த ஆள் வந்தா எறங்கிடுவேம்மா."

மறுநாள் அவள் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். மாற்ற ஆள் என்றால் தன்னைத்தான் என்று இவனுக்குப் பட்டது. சாயங்காலமே ஆபீசுக்குப் போய் வேலையை விட்டுவிட்டான். ஒரு கிடங்கில் பகல் காவல் வேலை கிடைத்தது. பாதிச் சம்பளம்தான், ஆனால் ராத்திரி சொந்தப் படுக்கை. லைசென்ஸைக் கேட்டு வாங்கிக்கொண்டான். நகலைக் கேட்க மறந்துவிட்டான். மறதிக்காரன் என்று யாரைச் சொல்வது? நம்மில் எவன் கேட்டு வாங்கியிருக்கிறான்?

அந்த மாதமே நெட்டையின் லைசென்ஸ் காலாவதியானது. முதலாளி அதைக் கிழித்துப் போட்டுவிட்டு ரெட்டை டப்பாவின் நகலை இரண்டாவது கட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். வண்டி எனக்கு வந்தது.

ஆமாம், அதோ நிற்கிறதே, அதே வண்டிதான். எங்கே நகர்ந்து உட்காருகிறீர்கள்? இருங்கள், முடியவில்லை.

மூன்றாவது வாரம் எனக்கும் கண் சொருகியது. எனக்கும் டக், டக். நானும் போய்ப் படுத்தேன். விடியுமுன்னே எழுந்து சீட்டில் ஏறினால் முழங்கால் இரண்டும் ஸ்டீயரிங்கில் இடித்தது. சீட்டை நன்றாக முன்னால் இழுத்திருந்தார்கள். ரெட்டை டப்பா ஓட்டுகிற மாதிரி. உயிரோடு இருக்கிறவன்! முந்தாநாள்தான் அவனோடு டீ குடித்தேன்!

அவன் வீட்டுக்கு போன் போட்டேன். அந்தப் பெண் எடுத்தாள். ராத்திரி பதினோரு மணிக்குப் படுத்தால் மூன்று மணி வரைக்கும் உலுக்கினாலும் எழுவதில்லையாம். வலது கால் மட்டும் போர்வைக்குள் அழுத்திக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கிறதாம். காலையில் எழுந்தால் ஒரே கால் வலி, கண்ணெல்லாம் சிவப்பு.

சொல்லவே நாக்குக் கூசுகிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. ஐந்து மாதம்! ஒரே ஒரு தடவை முதலாளியிடம் அந்தப் பெயரை எடுக்கச் சொன்னேன். "எடுத்துட்டு நெஜமா ஒரு ஆளப் போடவா? அவன் சம்பளத்த உன் சம்பளத்துல புடிச்சுக்கவா?" என்றார். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு அந்த நாலு மணி நேரத் தூக்கம் வேண்டியிருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்கிறான் என்கிற நினைப்பும் வேண்டியிருந்தது. உங்களுக்குப் புரியும்.

இன்றைக்குக் காலையில் அவனைப் பார்க்கப் போனேன். கட்டிலில் கிடந்தான், துரும்பாக இளைத்து. அந்தப் பெண் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு இந்த டப்பாவைக் கையில் கொடுத்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. "ராத்திரி பூரா ஓட்டுறாருல்லண்ணே, பசிக்கும். அவர்கிட்ட குடுத்துடுங்க" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அவர் எப்பண்ணே வீட்டுக்கு வருவார்?"

பக்கத்து அறையில் அவன் இருமுகிறான்... இவள் இப்படிக் கேட்கிறாள். டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வண்டியில் ஏறி உட்கார்ந்து அழுதேன்.

அதனால்தான் இன்றைக்கு, இந்த வரிசையில் வந்து நின்றதும், பதினோரு மணிக்கு முன்னாலேயே பேனாவை எடுத்தேன். இரண்டாவது கட்டத்தில் இருந்த பெயரை அடித்துவிட்டேன். காகிதம் கிழிகிற மாதிரி அடித்தேன். லைசென்ஸ் நகலைச் சுக்கு நூறாகக் கிழித்தேன். கட்டம் இப்போது காலி. கேட்டில் லோடைத் திருப்பி அனுப்புவார்கள், வேலை போகும். போகட்டும், போ! ஆனால் அவன் அங்கே எழுந்தானா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? வண்டிக்குள் தனியாக உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை. அதுதான் உங்களோடு வந்து உட்கார்ந்தேன்.

இருங்கள்... போன். அவள்தான்.

...

கேட்டீர்களா? கேட்டீர்களா! முழித்துவிட்டான்! "அண்ணே, பதினோரு மணிலேர்ந்து முழிச்சுக்கிட்டு என்னோட பேசிட்டே இருக்கார்ணே, இப்பத்தான் தானாத் தூக்கம் வருதுன்னு படுத்தார். கால் ஆடவே இல்ல" என்கிறாள். அழுகிறாள் அந்தப் பெண். அப்பாடா... மணி என்ன? ஒன்றே முக்காலா? பரவாயில்லை, சிரியுங்கள், சத்தமாகவே சிரியுங்கள்!

டேங்கர்காரரே, அந்த டப்பாவைத் திறங்கள். இனி அதற்கு ஆளில்லை. ஆளுக்கு ஒரு வாய் எடுங்கள். நல்ல கைப்பக்குவம், கூச்சப்படாதீர்கள். எனக்கு வேண்டாம், மனசே நிறைந்துவிட்டது.

என்ன, ஹார்ன் சத்தமா? வரிசை நகர்கிறதா? எழுந்திருங்கள், எழுந்திருங்கள். பின்னால் இருப்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும், என் வண்டியை எடுத்தால்தான் வழி. மஞ்சள் கம்பத்துக்குப் பக்கத்தில்தான் நிறுத்தி...

மஞ்சள் கம்பத்துக்குப் பக்கத்தில்தானே நிறுத்தினேன்?

அதோ, வண்டி முன்னால் போயிருக்கிறது. முன் வண்டியை ஒட்டி, நேராக. பிரேக் விளக்கு எரிகிறது.

இல்லை ஐயா, கிளீனர் யாருமில்லை. சாவியா... சாவி இதோ என் சட்டைப் பையில் இருக்கிறது. கட்டத்திலும் இப்போது யார் பெயருமில்லையே.

அந்த டப்பாவில்... ஏதாவது மிச்சம் வைத்தீர்களா?