மூக்கு அக்காவைப் பற்றி நான் மறைத்தது

இந்த வாக்குமூலத்தைத் தரும் என் பெயரும் முகவரியும் தனித்தாளில் உள்ளன. வயது முப்பத்தெட்டு. மூலிகை எண்ணெய்ப் பரிசோதனைக்கூடத்தில் பதினோரு வருடமாக உதவி ஆய்வாளராக இருக்கிறேன். விபத்தில் இறந்தவர் எங்கள் மூத்த ஆய்வாளர். எல்லாரும் மூக்கு அக்கா என்றே கூப்பிடுவோம். இலையிலிருந்து வடித்த எண்ணெயில் காகித நறுக்கை நனைத்து முகர்ந்து, அதிலுள்ள வாசனைப் பொருட்களில் யூஜினால் இத்தனை, தைமால் இத்தனை என்று, அளவு காட்டும் இயந்திரத்துக்கு முன்பே சொல்லிவிடுவார். இயந்திரமும் பெரும்பாலும் அவரை ஒத்துக்கொள்ளும். கேஸ் கசிந்தால் அக்காவுக்கு மூக்கில் வேர்த்துவிடும் என்று கேலி செய்வோம். அதனால் கேஸ் அடுப்பில் எண்ணெய் வடிக்கும் அறையின் கசிவு எச்சரிக்கைக் கருவி பழுதானபோது யாரும் அதை மாற்றவில்லை.

போன வருடக் காய்ச்சலுக்குப் பிறகு அவருக்கு வாசனையே தெரியாமல் போனது. வீட்டில்கூடச் சொல்லாமல் என்னிடம் மட்டும் சொன்னார். "மூக்கு போச்சுன்னா அப்புறம் நான் யாரு? யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றார். அதன் பிறகு இயந்திரம் காட்டும் அளவை நான் ரகசியமாகச் சொல்வேன். அவர் நறுக்கை முகர்ந்து மற்றவர்களுக்கு அறிவிப்பார். எண்ணெயின் ஆக்சிஜனேற்றத் தடுப்புச் சக்தியை அளப்பதற்கு மட்டும் அவருக்கு என் உதவி தேவைப்படவில்லை. எண்ணெய் விட்ட ஊதாக் கரைசலை அரை மணி நேரம் இருட்டில் வைப்போம். சக்தி இருந்தால் மஞ்சளாகும். இதற்குக் கண் போதும் என்பார்.

சம்பவத்தன்று காலை பத்தரைக்கு ஊதாக் குழாய்களை அலமாரியில் வைத்து மூடி, "அரை மணி நேரத்துல வந்து பார்க்கிறேன், நீ கை வைக்காதே" என்று சொல்லி வடிக்கும் அறைக்குப் போனார். அதன் பிறகு சிறிது நேரத்தில் நான் அந்த வாசலைக் கடந்தபோது லேசாக கேஸ் நாற்றம் வந்தது. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். யாரும் இல்லாதபோதும் அக்கா ஒரு நறுக்கை முகர்ந்துகொண்டிருந்தார். அக்காதான் இருக்கிறாரே என்று நினைத்து மாடிக்குப் போனேன். படிகள் முடிவதற்குள் வெடித்தது.

அவ்வளவு கூர்மையான மூக்குக்காரர் தெரிந்தேதான் அடுப்பைப் பற்றவைத்திருக்கிறார், இது தற்கொலை என்று மேலாளர் போலீசில் எழுதிக் கொடுத்ததாக அறிகிறேன். அக்காவின் கணவர் வெளியே பெஞ்சில் இருக்கிறார். "அவளுக்கு என்னம்மா குறை வச்சேன்?" என்று மூன்று முறை கேட்டார்.

அக்காவுக்கு அந்த நாற்றம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரியாது என்று அறிந்தவளும் நான் ஒருத்திதான். பழைய பழக்கத்தில் அந்த ஒரு நிமிடம் அதை மறந்துவிட்டேன். அன்றிலிருந்து அடுப்பை அணைத்த பிறகும் என் வீட்டில் கேஸ் நாற்றம் வருகிறது. வேறு யாருக்கும் வருவதில்லை.

அலமாரியில் அவர் வைத்த குழாய்கள் மஞ்சளாகிவிட்டன. நான் கை வைக்கவில்லை.

மேலே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே உள்ளது, அனைத்தும் உண்மை. இதை அக்காவின் கணவருக்கும் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொண்டு கையொப்பமிடுகிறேன்.