சேரச் சொன்ன தேதி

ஹலோ… ஆங், சொல்லுங்க அண்ணி… கேக்குது, கேக்குது. மெஷின் சத்தம். இருங்க, வெளிய வந்து கதவைச் சாத்திக்கிறேன்… ம். இப்ப?… டீ டைம்தான், பரவால்ல. பதினஞ்சு நிமிஷம் விடுவாங்க. அதுல நாலு போயிருச்சு.

யாரு, பெரியவளா? எப்ப பேசுனா?… அழுதாளா… ம்… ம்… டிக்கெட்ட மாத்திட்டு நாளைக்கே வர்றேன்னாளா. ரெண்டு பேரும் ஊருக்குத் திரும்ப இன்னும் அஞ்சு நாள் இருக்கே… காரணம் சொன்னாளா?… சொல்லலையா. சரி.

இல்ல அண்ணி, நான் எதுக்குத் திட்டப் போறேன்… ஆமா, ஆமா, ஒரே ரூம்தான். கட்டில் அவங்க ரெண்டு பேருக்கும். நான் ஃபிரிட்ஜுக்கும் சிங்குக்கும் நடுவுல படுத்துக்குறேன்… நீட்டலாம், நீட்டலாம். முட்டிய மட்டும் கொஞ்சம் மடக்கிக்கணும். சின்னவ தண்ணி எடுக்க வந்தா என்னைத் தாண்டித்தான் ஃபிரிட்ஜத் திறக்கணும். "சித்தப்பா, நீங்க வீட்டுக்கு வாசப்படியா"ங்குறா. வாயப் பாருங்க… ம். அண்ணன் வாய்தான்.

சாப்பாட்டுக்கென்ன. காலையில அஞ்சு மணிக்குக் கிளம்பும்போதே சோறு வடிச்சு, முட்ட அவிச்சு வச்சுட்டு வந்துடுறேன்… தினமும் முட்டதான். இன்னும் ரெண்டு நாள் போனா கொக்கரிச்சுருவேன்னு சின்னவ சொன்னா. சிரிச்சேன்னுதான் நெனைக்கிறேன்.

வேலையா… போகுது. ஆஸ்பத்திரித் துணிதானே. துவைக்க மூட்ட மூட்டையா வந்து இறங்கும். போர்வ தனி, கவுன் தனி, டவல் தனின்னு பிரிச்சுப் போடணும். கோட்டுப் பையில எல்லாம் கைய விட்டுப் பாக்கணும். ஒரு பேனா உள்ள போச்சுன்னா அவ்வளவுதான், நூறு போர்வயும் நீலமாயிரும்… பழகிருச்சு. மூணு மாசம் பாத்துட்டுத்தான் நிரந்தரம்பாங்க. இன்னையோட அஞ்சு வாரம்.

ஆமா. அண்ணன் போயி அஞ்சு வாரம் மூணு நாள். தெரியும். வெள்ளிக்கிழம அவரு, திங்கக்கிழம நான் இங்க.

…

இருக்கேன். லைன்லதான் இருக்கேன்.

இல்ல, சண்டை இல்லன்னு சொல்றேன்ல… நேத்து ஒண்ணு நடந்துச்சு. கேட்ல தேய்க்கிற கார்டை வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன். அது இல்லாட்டி உள்ள விட மாட்டாங்க. பெரியவளுக்குப் போன் பண்ணேன், பஸ் புடிச்சுக் கொண்டு வந்துட்டா… தனியாத்தான். கெட்டிக்காரி. அப்ப எங்க சூப்பர்வைசர் அம்மாவும் கேட்ல நின்னாங்க. நல்ல மனுஷி. அண்ணன் பொண்ணான்னு விசாரிச்சாங்க, அப்பா நல்லா இருக்காரான்னாங்க.

இவ சொல்லிட்டா. தேதியும் சொல்லிட்டா.

அந்தம்மா என்னைப் பாத்தாங்க. அவளப் பாத்தாங்க. "உங்க சித்தப்பா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையேம்மா, சொல்லியிருந்தா ரெண்டு வாரம் கழிச்சு வந்து சேருங்கன்னு சொல்லியிருப்பேனே"ன்னாங்க. பாசமாத்தான் சொன்னாங்க.

ஆமா அண்ணி.

ஆமா… லீவு கேட்டேன், தரலன்னு உங்ககிட்ட சொன்னது பொய். நான் கேக்கவே இல்ல.

…

அவ கார்ட என் கையில குடுத்தா, திரும்பிப் போயிட்டா. நேத்துலேர்ந்து எங்கிட்ட நேரா பேச்சு இல்ல. "சோறு போதுமான்னு கேளுடி"ன்னு சின்னவகிட்ட சொல்றா. நான் ரெண்டடி தள்ளித்தான் உக்காந்திருக்கேன்… உங்ககிட்டயும் சொல்லல பாருங்க. என்னைக் காட்டிக் குடுக்கல.

ஏன்னு கேட்டா… ஏழு மாசம் வேல இல்லாம இருந்தேன்ல. லெட்டர்ல திங்கக்கிழம சேரணும்னு தேதி போட்டிருந்துச்சு. கேட்டா வேற ஆளப் போட்டுருவாங்களோன்னு… போன எடுத்தேன் அண்ணி. கம்பெனி நம்பரும் போட்டேன். அப்புறம் பாத்தா சட்ட தேச்சுக்கிட்டு இருக்கேன். உங்க பக்கத்து வீட்டுக்காரர் வீடியோ போன்ல காட்டுனாரே, அண்ணன வெளிய எடுத்துட்டு வந்தப்ப… அப்ப ரெண்டாவது சட்டயத் தேச்சுக்கிட்டிருந்தேன். காலர மறுபடி மறுபடி தேச்சேன்.

தெரியும்… தெரியும். கொள்ளி வைக்க நான் நிக்க வேண்டிய எடத்துல பதினேழு வயசுப் புள்ள நின்னா. நீங்க வந்தவங்க எல்லார்கிட்டயும் எனக்காகப் பேசுனீங்க. பாவம், லீவு தரல, அங்க என்ன பாடு படுறானோன்னு… ஆமா… ஆமா… சொல்லுங்க. நீங்க சொல்லலாம்.

அழுகையா… வரல. வரும் வரும்னு பாத்தேன். புள்ளைங்க வந்து இறங்குனப்ப வந்துரும்னு நெனச்சேன். அவங்க பெட்டியத்தான் பாத்தேன். சக்கரம் ஒண்ணு ஒடஞ்சிருந்துச்சு. அத எப்படிச் சரி பண்றதுன்னே யோசிச்சுக்கிட்டு வந்தேன்.

சரி… சரி அண்ணி. நாளைக்கே அனுப்பிடுறேன். டிக்கெட்ட இன்னைக்கே மாத்திடுறேன்… ம்.

நானும் கூட வரவா.

…

எதுக்குன்னா… தெரியல. இப்ப வந்து என்ன ஆகப் போகுதுன்னா ஒண்ணும் ஆகப் போறதில்ல. மூணு மாசம் முடியலதான். வேல போனாலும் போகும்… இல்ல, உங்க மனசுக்காக இல்ல. எனக்குத்தான்…

இருங்க, அந்தம்மா வர்றாங்க. டைம் முடிஞ்சிருச்சு. வைக்காதீங்க அண்ணி. என்னை எவ்வளவு வேணா திட்டுங்க, போன மட்டும் காதுல வச்சிருங்க.

மேடம், ஒரு நிமிஷம்… வர்றேன், மெஷினுக்கு வர்றேன். எனக்கு லீவு வேணும்… நாளைக்கு… எங்க அண்ணன் இறந்துட்டாரு… தெரியும், நேத்து புள்ள சொல்லிருச்சு. நான் சொல்லலைல்ல. அதான் சொல்றேன். எங்க அண்ணன் இறந்துட்டாரு மேடம்… ஒரே அண்ணன்… வேணாம், நான் உக்காரல… இல்ல, ஒண்ணுமில்ல… ஒண்ணுமில்ல மேடம், அது பாட்டுக்கு வருது…

அண்ணி… கேட்டுச்சா… அண்ணி…

ஹலோ…